உனக்கு எம்புட்டும்மா என்று நீ கேட்டதற்கு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு சேலைக்கு இஸ்திரி போட்டேன், தம்பி. அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. உன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தாயே, அந்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலை. கட்டில்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பல் தேய்த்தபடியே வந்து எட்டிப் பார்த்தார். "அரை நாள் லீவு போட்டுட்டு சுங்குடிச் சேலையத் தேய்க்கிற. யார் வீட்டு விசேஷம்?" என்றார். "விசேஷம்லாம் ஒண்ணுமில்ல. கசங்கிக் கெடந்துச்சு" என்றேன். "ஏன், என் சட்டையுந்தான் ஒரு வாரமாக் கசங்கிக் கெடக்கு. அது உன் கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்று சொல்லிவிட்டு, டூல்ஸ் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் ஒரு செல்போன் கடையில் ஏசி தண்ணீர் ஒழுகுகிறதாம். வீடு அமைதியாக இருக்கிறது. மதியத்துக்குமேல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனால் போதும். அதற்குள் உனக்கு எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. வரும் திங்கட்கிழமை சென்னையில் உனக்கு இன்டர்வியூ. இப்போது நீ இருக்கும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியைவிடப் பெரிய இடம், டயாலிசிஸ் பிரிவில் சீனியர் டெக்னீஷியன் வேலை. "எம்புட்டு கேக்கப் போற?" என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் அவங்களே பாத்துக் குடுப்பாங்கம்மா" என்றாய். எனக்கு அந்த இடத்திலேயே திக்கென்றது. பிறகு உன் குரல் கொஞ்சம் இறங்கியது. "இல்ல, இந்த லைனே வேணாமாம்மா? மாமா மகன் மாதிரி ஒரு கோர்ஸ் படிச்சுட்டு ஐடிக்குப் போயிரவா? நீதான ஊருக்கெல்லாம் சம்பளம் போடுறவ. எந்த வேலைக்கு எம்புட்டுக் கெடைக்கும்னு நீயே சொல்லேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் கேட்டாய். "ஆமா, உனக்கு எம்புட்டும்மா?" நான் குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை, தம்பி.

உன் கேள்வி என்னை ஏன் அப்படி ஓடவைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் சம்பளப் பிரிவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரிலிருந்து வார்டு கூட்டுகிறவர்வரை எல்லாருடைய சம்பளமும் என் கை வழியாகத்தான் போகிறது. நம் தெருவில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் முதலில் ஜாதகக்காரரிடம் போவார்கள், அடுத்து என்னிடம் வருவார்கள். போன மாதம்கூட எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். "அக்கா, உங்க மெடிக்கல்ல கண்ணாடி போட்ட பையன் இருக்கானே, எம்புட்டு வாங்குறான்?" "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடி." "நீங்க வாயத் தெறக்க வேணாம்க்கா. பதினஞ்சுக்கு மேலயா, கீழயா? தலைய மட்டும் ஆட்டுங்க." நான் கழுத்தை ஆட்டாமல் அசைக்காமல் நின்றதில் சுளுக்கே பிடித்துக்கொண்டது. இப்படி எத்தனை பேர் எத்தனை பேருடைய சம்பளத்தைக் கேட்டிருப்பார்கள்! என் சம்பளத்தை ஒருவரும் கேட்டதில்லை. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. நான் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நீதான் முதலில் கேட்டாய். கேட்டதற்கு உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் புத்திமதியும் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் நீ கேட்ட கணக்கு. பெயர் சொல்லாமல், இடம் சொல்லாமல், நம் பக்கத்தில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சென்னையில் கூடுதலாக இருக்கும். வார்டு சுத்தம் செய்கிறவர்களுக்கு மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வரும். வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற செக்யூரிட்டிக்கு அதைவிட இரண்டு மூன்றாயிரம் கூட. நர்சிங் முடித்துப் புதிதாக வருகிற பெண்ணுக்கும், உன்னைப் போல டெக்னீஷியன் படிப்பு முடித்து வருகிற பையனுக்கும் பதினான்கிலிருந்து பதினெட்டுக்குள். மருந்துக்கடையில் இருப்பவருக்கும் அதே அளவுதான். ஐந்தாறு வருஷம் கை பழகியவர்களுக்கு இருபத்தைந்தைத் தொடும், சிலருக்குத் தொடாது. டியூட்டி டாக்டருக்கு ஐம்பதுக்குமேல். பெரிய டாக்டர்களுக்குச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது, அவர்கள் கணக்கு வேறு. வெளியே பார்த்தால், தனியார் பள்ளிக்கூடத்தில் பி.எட். முடித்த டீச்சர் பன்னிரண்டாயிரத்துக்கு வேலை பார்க்கிறார். அதே பாடத்தை அரசுப் பள்ளியில் நடத்துகிறவருக்கு அதைப்போல நாலு மடங்கு, ஐந்து மடங்கு. நம் வீட்டு மாடிக்கு டைல்ஸ் ஒட்டியவர் மாதம் முழுக்க வேலை கிடைத்தால் அந்த டீச்சரைப்போல இரண்டு மடங்கு வாங்கிவிடுவார், கிடைக்காத மாதத்தில் ஒன்றுமில்லை. உன் அப்பாவிடம் யாராவது வருமானம் கேட்டால் என்ன சொல்வார் என்று உனக்கே தெரியும். "வெயில் எம்புட்டோ அம்புட்டு."

இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த வேலை உசத்தி, எந்த வேலை மட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, தம்பி. ஏனென்றால் ஒரே வேலைக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஒரே படிப்பு, ஒரே வார்டு, ஒரே நைட் டியூட்டி. ஒருவருக்குப் பதினாறு, பக்கத்தில் நிற்பவருக்கு இருபத்தொன்று. ஆரம்பத்தில் இதற்குப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அனுபவம், சர்டிபிகேட், சிபாரிசு எல்லாம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் முக்கால்வாசிக்குக் காரணம், சேருகிற அன்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா மகனைச் சொன்னாயே. அழகர்கோவிலில் அவன் தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்தியபோது உன் மாமா பந்தியில் சத்தமாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "எம் மகனுக்கு வருஷத்துக்கு ஆறு லட்சம். பன்னெண்டால வகுத்துக்கங்க, மாசம் அம்பதாயிரம்." மொத்தப் பந்தியும் வகுத்துக்கொண்டது. அவன் மட்டும் தலையைக் குனிந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் புரிந்தது. அந்த ஆறு லட்சத்துக்குள் கம்பெனி கட்டுகிற பி.எஃப். இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும், வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற போனஸ் இருக்கும். கைக்கு வருவது நாற்பதுக்குள்தான் இருக்கும். வாடகையும் ரயில் டிக்கெட்டும் போக அந்தப் பிள்ளை கையில் மிச்சம் என்னவோ. அப்புறம் மாமா உன் பக்கம் திரும்பினார். "மாப்ள, உனக்கு என்னடா, ரத்தம் கழுவுற வேலையாமே?" நீ சிரித்துக்கொண்டே, "ஆமா மாமா. நம்ம ஆளுங்கன்னா டிஸ்கவுண்ட் உண்டு, எப்ப வேணும்னாலும் வாங்க" என்றாய். பந்தியே சிரித்தது, மாமாவுக்குப் புரையேறியது. அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது, மாமா மகன் என்ன கோர்ஸ் படித்தான் என்று கேட்டாய். அந்த ஐம்பதாயிரம் உனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியும். இல்லாத ஐம்பதாயிரத்தோடு நீ உன்னை ஒப்பிட்டுக்கொண்டாய். ஐடி வேலை உனக்குப் பிடித்திருந்தால் போ, நான் தடுக்க மாட்டேன். ஆனால் பந்தியில் வகுத்த கணக்கை நம்பிப் போகாதே.

போன ஆடி மாதம் நான் கோயம்புத்தூர் வந்தபோது உன் யூனிட் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். நான் அங்கே நின்றது உனக்குத் தெரியாது. ஒரு பெரியவருக்கு ஊசி ஏற்றுவதற்காகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அவர், "போன தடவ அந்தப் புதுப் பையன் குத்துனான்யா, உசுரு போயிருச்சு" என்று புலம்பினார். நீ, "அவன் உங்களப் பாத்துப் பயந்துட்டான்ங்கய்யா. முகத்தக் கொஞ்சம் சாதுவா வச்சுக்கங்க" என்றாய். அவர் சிரித்து முடிப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது. நான் வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த வேலை உனக்குக் கைவந்திருக்கிறது, தம்பி. இதைச் சொன்னால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும்: அம்மா அடுத்து சேவை, புண்ணியம் என்று ஆரம்பிக்கப்போகிறாள். மாட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் சேவை என்ற வார்த்தையைச் சம்பளம் குறைவாக இருக்கிறவர்களிடம்தான் அதிகம் சொல்வார்கள். பெரிய டாக்டரோடு பேசும்போது அந்த வார்த்தை வருவதே இல்லை. நீ மனசு வைத்துச் செய்கிறாய் என்பதற்காக உனக்குக் கொடுப்பதைக் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. மனசு உன் கணக்கு, சம்பளம் அவர்கள் கணக்கு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் பி.காம். முடித்த கையோடு கல்யாணம். நீ இரண்டாம் வகுப்பு போன வருஷம்தான் இந்த வேலைக்கு மனுப்போட்டேன். அன்றிருந்த அட்மினிஸ்ட்ரேட்டர் ரொம்ப மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார், காபி சொன்னார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "எவ்வளவும்மா எதிர்பாக்குறீங்க?" என்றார். வீட்டிலிருந்து கிளம்பும்போது மனதில் ஒரு தொகை இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. பணத்தைப் பற்றிப் பேசுகிற பெண் என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்றேன். நம் ஊரில் இப்படித்தானே சொல்கிறோம். சமையல்காரர், பந்தல் போடுகிறவர், தையல்காரம்மா எல்லாரும் வேலையை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்வது அதுதான். நல்ல பேச்சு என்று நினைத்தேன். அவரும் பார்த்துத்தான் கொடுத்தார், நான் நினைத்திருந்ததில் பாதிக்குச் சற்று மேல். அவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. வருஷா வருஷம் சம்பளம் ஏறியது, எல்லாருக்கும் ஒரே சதவீதம். சிறிய தொகையில் ஏறினால் சிறியதாகத்தான் ஏறும். என் பக்கத்து மேஜைக்கு எனக்குப் பிறகு வந்த தம்பி, அதே வேலைக்கு, தனக்கு வேண்டியதைச் சொல்லிச் சேர்ந்தான். அவன் சம்பளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான். நல்ல பையன், தினமும் எனக்குச் சேர்த்து டீ சொல்வான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

அந்தச் சம்பளத்தின்மேலும் எனக்குக் கோபமில்லை என்பதை நீ நம்ப வேண்டும். அது எனக்குச் செய்ததை நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது. ஐப்பசி பிறந்தால் ஏசிக்காரருக்கு யார் போன் செய்கிறார்கள்? மழை தொடங்கி மார்கழி முடியும்வரை நம் வீடு நடந்தது அந்தச் சின்னத் தொகையில்தான். உன் ஸ்கூல் பஸ், உன் காலேஜ் பீஸில் பாதி, அம்மாச்சியின் கண் ஆபரேஷன் எல்லாம் அதில்தான். அந்த மாதங்களில் உன் அப்பா என்னைத் தினமும் வண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார். டிபன் பாக்ஸைத் தானே சுமப்பார், உள்ளே போகும்வரை நின்று பார்ப்பார். வெயில் காலத்தில் அவருக்கு அதற்கு நேரமிருக்காது. ஒருநாள், "எதுக்குங்க இந்த மரியாதை?" என்று கேட்டேன். "சீசன் உன்னுது. நான் இப்ப ஹெல்ப்பர்" என்றார். நன்றியை அதற்குமேல் அழகாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இப்படி ஒரு மனுஷனும், ஒரு வேலையும், உன்னைப் போல ஒரு பிள்ளையும் இருந்ததால்தான் அந்தக் குறைந்த தொகை எனக்கு உறுத்தவே இல்லை. நன்றி இருக்கிற இடத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன் போல.

அந்தச் சட்டத்தை ஒரு சின்னப் பெண் உடைத்தாள். போன மாதம் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சம்பளத்தைக் குறித்துக்கொள்ள என்னையும் அறையில் உட்காரச் சொல்வார்கள். சோழவந்தானிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இப்போதிருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "இருபத்திரெண்டு சார், கைக்கு வரணும்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, கொஞ்சங்கூட யோசிக்க மாட்டியா? எல்லாரும் நீங்க பாத்துச் செய்யுங்கன்னுதான் சொல்லுவாங்க." அதற்கு அவள், "எங்க வீட்டுல வெத்தலக் கொடிக்கா வெவசாயம் சார். ரேட்டு பேசாம எங்கப்பா கூடைய வண்டியிலருந்து எறக்க மாட்டாரு. எறக்கிட்டா அப்புறம் அவங்க சொல்றதுதான் ரேட்டும்பாரு" என்றாள். அவளுக்குக் குரல் உயரவில்லை, முறைப்பு இல்லை, மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அவர் கொஞ்சம் இழுத்தார், நைட் டியூட்டி பற்றிக் கேட்டார், ஐ.சி.யூ. அனுபவம் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "இருபத்தொண்ணரைன்னு எழுதிக்கங்கம்மா" என்றார். எழுதினேன். அவள் எழுந்து போகும்போது என்னைப் பார்த்து, "வாரேன்க்கா" என்றாள். நான் அவளுக்கு எழுந்து நின்று தலையசைத்தேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே, தம்பி, திங்கட்கிழமை அவர்கள் கேட்பார்கள். அப்போது "நீங்க பாத்துக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ இப்போது இருபது வாங்குகிறாய், இரண்டு வருஷ அனுபவம், இரவில் தனியாக யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறாய். சென்னையில் உன்னைப் போன்றவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று உன் காலேஜ் நண்பர்கள் நாலு பேரிடம் கேள். கூச்சப்படாதே, அவர்களும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள். அவர்கள் சொல்லும் தொகையோடு சென்னை வாடகையையும் நினைத்துப் பார்த்து, ஒரு எண்ணை முடிவு செய். ஆஸ்பத்திரிக்காரர்கள் வருஷக் கணக்கில் சொன்னால், பந்தியில் மாமா வகுத்த மாதிரி வகுத்துவிட்டு வராதே. கைக்கு எவ்வளவு, நைட்டுக்குத் தனியாக உண்டா என்று கேள். உன் எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா இரு. அந்த அமைதிதான் கஷ்டம். "இல்ல சார், கொறச்சுக் குடுத்தாலும் பரவால்ல" என்று நாமே அதை நிரப்பிவிடுவோம், நம் பழக்கம் அப்படி. அப்பா தொகையைக் கறாராகச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் தானாகவே இருநூறு ரூபாயைக் குறைத்துக்கொள்வாரே, அந்த ரத்தம்தான் உனக்கும். தண்ணீர் கொடுத்தால் குடி, நன்றி சொல். எண்ணை மாற்றாதே. அவர்கள் முடியாது என்று சொன்னால் அது ஒன்றும் அவமானமில்லை. திரும்பி வா, கோயம்புத்தூரில் அந்தப் பெரியவர் உனக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். ஐடி வேலையா, ஆஸ்பத்திரி வேலையா என்பதை அதற்குப் பிறகு யோசி. உனக்கு இந்த வேலை வேண்டாமா, இல்லை இந்தச் சம்பளம்தான் வேண்டாமா என்று உனக்கே அப்போதுதான் தெரியும்.

நீ கேட்ட கடைசிக் கேள்வி மிச்சமிருக்கிறது. எனக்கு இருபத்தாறாயிரத்து நானூறு. கைக்கு வருவது அதற்கும் கொஞ்சம் கீழே. பக்கத்து மேஜைத் தம்பிக்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், அது அவன் விஷயம். ஆனால் என் தொகையை எழுதியதும் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. பதினாறு வருஷம் இதை நான் ஏதோ மறைக்கவேண்டிய வியாதி போல வைத்திருந்திருக்கிறேன். நீ சாதாரணமாக, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரிக் கேட்டாய்.

சேலை எதற்கு என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இன்று மூன்று மணிக்கு அட்மினிஸ்ட்ரேட்டரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று அவருக்கும் சொல்லவில்லை, ஏதோ பி.எஃப். விஷயம் என்று நினைத்திருப்பார். போய் உட்கார்ந்து, இத்தனை வருஷம் எனக்கு வேலை கொடுத்ததற்கு முதலில் நன்றி சொல்வேன். அது உள்ளபடியே சொல்லவேண்டிய நன்றி. பிறகு எனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்வேன். தண்ணீர் கொடுத்தால் குடிப்பேன். அவர் முடியாது என்று சொன்னால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்துவிட்டேன், அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணை இங்கே எழுதலாம் என்று பேனாவை வைத்துப் பார்த்தேன். வேண்டாம், தம்பி. ஒருமுறை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. இந்தமுறை அது முதலில் வாயால்தான் வர வேண்டும்.